கட்டத்தில் நிற்கும் நேரம்: கிராஃபிக் நாவலையும் அதன் படத்தையும் ஒப்பிடும் முறை

ஆடி நோம்பிக்குக் கோபியிலிருந்து தங்கச்சி மகள் வந்திருந்தாள், எனக்கு மருமகள் முறை. கல்லூரியில் ஆங்கில இலக்கியம், இரண்டாம் வருடம். ஒரு கிராஃபிக் நாவலையும் (கட்டம் கட்டமாக வரைந்து சொல்லும் நாவல்) அதிலிருந்து எடுத்த சினிமாப் படத்தையும் ஒப்பிட்டு எட்டுப் பக்கம் எழுதி வரச் சொல்லியிருக்கிறார்களாம். புத்தகத்தையும் வாசித்துவிட்டாள், படத்தையும் பார்த்துவிட்டாள். என்ன எழுதுவது என்பதுதான் பிடிபடவில்லை.

“மாமா, ரெண்டுல எதுங்க எச்சு?”

“எச்சு கம்மி சொல்றதுக்கு இதென்ன மஞ்ச மண்டியா அம்மிணி?”

வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேனே தவிர, ஈரோட்டு மஞ்சள் மண்டியில்கூட யாரும் மூட்டையைப் பார்த்த மாத்திரத்தில் விலை சொல்வதில்லை. இரண்டு விரலியை எடுத்து ஒடிப்பார்கள், உள்ளே நிறம் எப்படி என்று பார்ப்பார்கள், அப்புறம்தான் பேச்சு. நாம்தான் முந்நூறு பக்கப் புத்தகத்தையும் இரண்டு மணி நேரப் படத்தையும் மூட்டையோடு தூக்கி எடை போடுகிறோம். “புத்தகத்தில் இருந்த ஆழம் படத்தில் இல்லை” என்ற வரி அப்படித்தான் பிறக்கிறது. உலகத்தில் எந்தப் படத்தைப் பற்றியும் அந்த வரியை எழுதிவிடலாம்.

அவளும் நானும் மூன்று நாள் உட்கார்ந்து ஒரு புத்தகத்தை ஒடித்துப் பார்த்தோம். அந்த முறையைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். எடுத்துக்கொண்டது மர்ஜான் சத்ரபியின் ‘பெர்செபோலிஸ்’. ஈரானில் தான் வளர்ந்த கதையை அவரே எழுதி வரைந்தது, அதில் வரும் சின்ன மர்ஜான்தான் மர்ஜி. இடையிடையே வேறு சிலவும் வரும்.

முதலில் ஒரு கேள்வி

ஒப்பிட உட்காரும் முன் ஒரு கேள்வியை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள்: இந்த இடத்தில் நேரம் யார் கையில் இருக்கிறது?

காமிக்ஸ் வாசிப்பவர் ஒரு கட்டத்தில் அரை நொடியும் நிற்கலாம், அரை மணியும் நிற்கலாம். பக்கத்தைப் புரட்டியதும் கடைசிக் கட்டம் ஓரக்கண்ணில் பட்டுவிடும். பிடிக்காவிட்டால் திரும்பிப் போகலாம். சினிமாவில் இந்த உரிமை எதுவும் நமக்கில்லை. நொடிக்கு 24 ஃபிரேம் ஓடிக்கொண்டே இருக்கும், இயக்குநரும் எடிட்டரும் எவ்வளவு நேரம் காட்டுகிறார்களோ அவ்வளவுதான். கதையில் எது மாறியது, எது போனது என்று பட்டியல் போடும்போது பாதிக்கு மேல் காரணம் இந்த ஒரு வித்தியாசத்தில்தான் வந்து நிற்கும்.

கோயமுத்தூர்க்காரர்களுக்கு இதில் ஒரு சின்னக் கிளைக்கதை உண்டு. சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் புரொஜெக்டர் வாங்கி ஊர் ஊராகப் படம் காட்டினார், 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் என்ற கொட்டகையைக் கட்டினார். தெருவுக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டு இன்றும் வெரைட்டி ஹால் ரோடாக இருக்கிறது. ஊமைப்படக் காலத்தில் புரொஜெக்டரைக் கையால் சுற்றுவதுதான் வழக்கம். சுற்றுகிறவர் கை வேகமானால் படம் ஓடும், கை சோர்ந்தால் படமும் சோரும். பேசும் படம் வந்து, சத்தம் பிசகக்கூடாது என்றான பிறகுதான் 24 என்ற கணக்கு நிலைத்தது. சினிமாவிலும் நேரம் ஒரு காலத்தில் மனுஷன் கையில் இருந்ததுதான்.

படி 1: எந்தப் பிரதி என்று முடிவு செய்யுங்கள்

இதைப் பெரும்பாலோர் செய்வதில்லை. நானும் செய்யாமல் மாட்டியவன். சில வருடம் முன் நண்பர்கள் கூட்டத்தில் ஒரு படத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் முழங்கினேன், “நாவலின் முக்கியமான காட்சியைப் படம் தூக்கிவிட்டது” என்று. பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து, “காட்சி இருக்குதுங்க தம்பி, நீங்க டிவியில பாத்தீங்களாட்ட இருக்குது” என்றார். அப்படித்தான். சேனல்காரர்கள் வெட்டியதை இயக்குநர் தலையில் கட்டியிருந்தேன்.

ஆலன் மூர் எழுதி டேவ் கிப்பன்ஸ் வரைந்த, முகமூடி நாயகர்கள் பற்றிய ‘வாட்ச்மென்’ நாவலைப் பாருங்கள். 1986, 87-இல் 12 இதழ்களாக வந்தது. 2009-இல் ஸாக் ஸ்னைடர் எடுத்த படம் தியேட்டரில் 162 நிமிடம். இயக்குநரின் பதிப்பு 186 நிமிடம். நாவலுக்குள் ஒரு பையன் வாசிக்கும் கடற்கொள்ளையர் காமிக்ஸையும் அனிமேஷனாக்கிச் சேர்த்த பதிப்பு 215 நிமிடம். நீங்கள் பார்த்தது இதில் எது என்று சொல்லாமல் “அந்தக் கொள்ளையர் கதையை விட்டுவிட்டார்கள்” என்று எழுதினால், எழுதியது சரியா தப்பா என்று யாராலும் சொல்ல முடியாது.

புத்தகத்துக்கும் இதே கதைதான். ‘பெர்செபோலிஸ்’ பிரெஞ்சில் 2000 முதல் 2003 வரை நான்கு தொகுதிகளாக வந்தது, ஆங்கிலத்தில் இரண்டாக வந்தது, பிறகு ஒரே தொகுப்பானது. தமிழிலும் வந்திருக்கிறது. தமிழ்ப் பிரதியை வைத்து ஒப்பிடுகிறீர்கள் என்றால் ஒன்றை நினைவில் வையுங்கள். வசனம் எழுதும் பலூனின் அளவு மூல மொழிக்கென்று வரைந்தது, தமிழ்ச் சொல்லோ நீளம் எச்சு. மொழிபெயர்ப்பாளர் வசனத்தைச் சுருக்கியிருப்பார், அல்லது எழுத்தைப் பொடிசாக்கியிருப்பார்கள். லயன், முத்து காமிக்ஸ் வாசித்து வளர்ந்தவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஜப்பானியக் காமிக்ஸான மாங்கா என்றால் வலமிருந்து இடமா, திருப்பிப் போட்ட பதிப்பா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். திருப்பிப் போட்டதில் எல்லாரும் இடக்கையால் வாள் வீசுவார்கள்.

படி 2: முதலில் புத்தகம்

இது என் பிடிவாதம். படத்தை முதலில் பார்த்துவிட்டால் நடிகர் குரல் பலூனுக்குள் புகுந்துகொள்ளும், பிறகு விரட்ட முடியாது. ஏற்கெனவே படம் பார்த்திருந்தால் பரவாயில்லை, ஒரு மாதம் ஆறப் போட்டுவிட்டுப் புத்தகத்தை எடுங்கள்.

புத்தகத்தை ஒருமுறை சும்மா வாசியுங்கள், பென்சில் வேண்டாம். ஒரு வாரம் அசை போட விடுங்கள். பிறகு படத்தை நிறுத்தாமல் ஒருமுறை. அந்த ராத்திரியே, புத்தகத்தைத் திறக்காமல், நினைவில் நின்ற ஐந்து இடங்களை எழுதுங்கள். புத்தகத்திலிருந்து மூன்று, படத்திலிருந்து இரண்டு என்று கலந்திருக்கும். எது எதிலிருந்து என்று குழம்பும் இடம் ஒன்று கட்டாயம் வரும். அதைச் சுழித்து வையுங்கள், கட்டுரை அங்கிருந்து தொடங்கக்கூடும்.

படி 3: மூன்று பத்தி நோட்டு

நாற்பது பக்க நோட்டு போதும். பக்கத்தை மூன்றாகக் கோடு போட்டு ‘புக்குல’, ‘படத்துல’, ‘ஏன்’ என்று தலைப்பு எழுதுங்கள். முதல் இரண்டு பத்தியும் தானாக நிரம்பும். மூன்றாவது காலியாகக் கிடக்கும், அவசரப்பட்டு நிரப்ப வேண்டாம். “பட்ஜெட் இல்லை”, “இயக்குநருக்குப் புரியவில்லை” என்ற இரண்டு பதிலையும் முதல் வாரத்தில் தடை செய்துவிடுங்கள்.

படி 4: ஒரு பக்கம், ஒரு காட்சி

வேலையில் முக்கால் பங்கு இதுதான். மற்றவற்றைத் தாண்டிப் போனாலும் இதைத் தாண்டாதீர்கள்.

புத்தகத்தில் ஒரே ஒரு பக்கம் எடுங்கள். படத்தில் அதே சம்பவம் வரும் காட்சியை எடுங்கள். பக்கத்தில் எத்தனை கட்டம், எது பெரியது, எந்தக் கட்டத்தில் வசனமே இல்லை என்று எண்ணுங்கள். பிறகு வீட்டில் மூன்று பேரிடம் அதே பக்கத்தைக் கொடுத்து, போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து, வாசிக்கும் நேரத்தைக் குறியுங்கள். எங்கள் வீட்டில் மருமகள் 20 நொடியில் முடித்தாள், நான் 50 நொடி. காமிக்ஸ் பக்கமே போகாத தங்கச்சி இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டு, “இந்தப் புள்ளைக்கு ஏனுங்ணா மூஞ்சி ஒரே மாதிரி இருக்குது?” என்றாள். அதுவும் நல்ல கேள்விதான், பின்னால் வருகிறேன்.

இனி படத்தில் அந்தக் காட்சியைச் சத்தத்தை அணைத்துவிட்டு ஓட்டுங்கள். கேமரா வெட்டாமல் ஓடும் ஒவ்வொரு துண்டுக்கும், அதாவது ஒவ்வொரு ஷாட்டுக்கும், நோட்டில் ஒரு கோடு. முடிந்ததும் நொடிகளைக் கோடுகளால் வகுத்தால் ஒரு ஷாட் சராசரியாக எவ்வளவு நேரம் நிற்கிறது என்று தெரியும். பல்லடம், சோமனூர்ப் பக்கம் தறிக்குடோன் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது எளிது. ஓட்டம் மாறினால் உடம்புக்கே தெரிந்துவிடும்.

‘வாட்ச்மென்’ முதல் பக்கத்தை வைத்துச் செய்து காட்டுகிறேன். ஏழு கட்டம். முதல் கட்டத்தில் சாக்கடை ஓரம் ரத்தத்தில் கிடக்கும் சிரிப்பு முக பேட்ஜ். ஒவ்வொரு கட்டமாகப் பார்வை மேலே ஏறி ஏறி, ஏழாவதில் உடைந்த ஜன்னல் வழியாக ஒருவர் கீழே எட்டிப் பார்க்கிறார். இடையில் ஒரு நாட்குறிப்பின் வரிகள் ஓடுகின்றன. விழுந்தவர் யார், தள்ளியது யார், ஒன்றும் தெரியாது. அடுத்த பக்கங்களில் இரண்டு துப்பறிவாளர்கள் அறையைச் சுற்றிப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்க, நடுநடுவே சிவப்புச் சாயம் பூசிய கட்டங்களில் அந்தச் சண்டை துண்டு துண்டாக வருகிறது. சண்டையை ஒட்டவைப்பது வாசகர்.

படம் எங்கே தொடங்குகிறது? சாகப் போகிறவர் வீட்டில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருக்கிறார், கதவு உடைகிறது, சண்டை முழுசாக நடக்கிறது. சுவர் நொறுங்குவது, ஜன்னல் உடைவது எல்லாம் வரிசையாக, மெதுவாக, அழகாக. நாவலில் வாசகர் தன் தலைக்குள் கோர்த்த சண்டையைப் படம் கோர்த்தே கையில் கொடுத்துவிடுகிறது. நாவலில் அது நடந்து முடிந்த ஒன்று, கொஞ்சம் அசிங்கமானதும்கூட. படத்தில் அது இப்போது நடக்கிறது, பார்க்கவும் ஜோராக இருக்கிறது. ஆலன் மூர் கேலி செய்ய நினைத்தது அந்த ஜோரைத்தான் என்பது என் கட்சி. நீங்கள் மறுக்கலாம். மறுக்கிறவரும் அந்தப் பக்கத்தையும் காட்சியையும் காட்டித்தான் மறுக்க வேண்டும், அதுதான் இந்த முறையின் சௌகரியம்.

படி 5: வரப்பைப் பாருங்கள்

இரண்டு கட்டங்களுக்கு நடுவே இருக்கும் வெள்ளை இடத்தை நான் வரப்பு என்றே சொல்வது. காட்டுக்கும் காட்டுக்கும் நடுவே வரப்பு இருப்பதுபோல. வெள்ளாமை காட்டில் விளைகிறது, காமிக்ஸில் பாதி விளைச்சல் வரப்பில். முதல் கட்டத்தில் ஓங்கிய கோடாலி, இரண்டாவதில் ஊருக்கு மேல் ஒரு அலறல் என்றால், வெட்டியது யார்? வரப்பில் நின்ற நாம்தான். ஸ்காட் மெக்ளவுட் 1993-இல் எழுதிய காமிக்ஸ் பற்றிய காமிக்ஸில் இதை விரிவாகப் பேசுகிறார், ஒரு கட்டத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் விதங்களை ஆறாகப் பிரிக்கிறார். ஆறையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இரண்டு கட்டங்களுக்கு நடுவே எவ்வளவு நேரம் ஓடிப்போனது என்று மட்டும் பார்த்தால் போதும். கண் சிமிட்டும் நேரமா, பத்து வருடமா?

‘பெர்செபோலிஸ்’ புத்தகத்தில் சாவியைப் பற்றிய அத்தியாயம் ஒன்று. ஈரான், இராக் போரின்போது ஏழை வீட்டுப் பையன்களிடம் தங்க வண்ணம் பூசிய பிளாஸ்டிக் சாவியைக் கொடுக்கிறார்கள், செத்தால் சொர்க்கத்துக் கதவு திறக்கும் என்று. அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தில் மேலே ஒரு பெரிய கட்டம்: கண்ணிவெடி வயலில் கழுத்தில் சாவியோடு பையன்கள் கருநிழலாகச் சிதறுகிறார்கள். கீழே மர்ஜி முதல்முறையாகப் போன பார்ட்டி. அம்மா பின்னிய ஓட்டை ஸ்வெட்டர், கழுத்தில் ஆணிகளைக் கோர்த்த சங்கிலி, துள்ளும் பிள்ளைகள். சிதறும் உடம்பும் ஆடும் உடம்பும் ஒரே வாக்கில் கையையும் காலையும் விரித்திருக்கின்றன.

ஒரே பக்கத்தில் இரண்டும் சேர்ந்து நிற்கின்றன. கண் கீழே போகும், மேலே வரும், திரும்பவும் போகும். சினிமாவில் ஒன்று முடிந்தால்தான் இன்னொன்று. திரையை இரண்டாகப் பிளந்து காட்டலாம், ஆனால் அப்போதும் இரண்டும் அசையும், அசையும் பக்கம்தான் கண் ஓடும். உங்கள் புத்தகத்தில் இப்படிப் பக்கத்தையே முழு அலகாக வைத்து அமைத்த இடம் எது என்று தேடுங்கள். படம் அந்த இடத்தில் தடுமாறும், அல்லது வேறு எதையாவது புதிதாகக் கண்டுபிடிக்கும். இரண்டில் எது நடந்தாலும் எழுத விஷயம் கிடைத்துவிட்டது.

படி 6: கோடும் நிறமும்

தங்கச்சி கேட்டாளே, முகம் ஏன் ஒரே மாதிரி என்று. சத்ரபி முகங்களைச் சில கோடுகளில் முடித்துவிடுகிறார். கறுப்பு, வெள்ளை இரண்டுதான். சாம்பல் நிறம் என்று ஒன்று புத்தகத்தில் கிடையாது. முக்காடு போட்டுவிட்டால் பிள்ளைகள் எல்லாரும் ஒரே கறுப்பு வளையத்துக்குள் ஒரே முகம். முதல் பக்கத்திலேயே இதை வைத்து ஒரு குறும்பு இருக்கிறது. முதல் கட்டத்தில், 1980-இல் பத்து வயது மர்ஜி. அடுத்தது வகுப்பு போட்டோ, “நான் இடது ஓரத்தில் இருக்கிறேன், அதனால் தெரியமாட்டேன்” என்கிறாள். கட்டத்தின் விளிம்பு அவளை வெட்டிவிட்டது. ஒரு நாடு ஒரு பிள்ளையை எப்படி ஓரத்தில் தள்ளியது என்பதைக் கட்டத்தின் கோடே சொல்லிவிடுகிறது.

2007-இல் சத்ரபியும் வின்சென்ட் பாரனோவும் சேர்ந்து இயக்கிய படம் 96 நிமிடம். கான் திரைப்பட விழாவில் ஜூரி பரிசைப் பகிர்ந்துகொண்டது. கையால் வரைந்த அனிமேஷன், நடிகர்களை வைத்து எடுக்கவில்லை. எடுத்திருந்தால் ஒரு குறிப்பிட்ட ஊரில் ஒரு குறிப்பிட்ட பெண்ணுக்கு நடந்த கதையாகச் சுருங்கியிருக்கும். கோடாக இருக்கும்வரை அந்த முகத்தில் கோபிப் பிள்ளையும் தன்னை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் படம் புத்தகத்தின் நிறத்தை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. பின்னணியில் சாம்பல் வந்துவிட்டது. தெருவுக்கு ஆழம் வேண்டும், புகை வேண்டும், அசையும்போது கண் எதைப் பிடிப்பது என்று தெரிய வேண்டும். பாரிஸ் ஓர்லி விமான நிலையத்தில் வளர்ந்த மர்ஜான் உட்கார்ந்திருக்கும் காட்சிகளோ வண்ணத்தில் இருக்கின்றன. புத்தகத்தில் இப்படி விமான நிலையத்தில் உட்கார்ந்து நினைத்துப் பார்க்கும் ஏற்பாடே இல்லை.

எதற்காகச் சேர்த்தார்கள்? இதற்கு ‘ஏன்’ பத்தியில் மருமகள் எழுதியதுதான் எனக்குப் பிடித்த பதில். புத்தகத்தில் கட்டத்துக்கு மேலே பெரும்பாலும் ஒரு வரி ஓடுகிறது, வளர்ந்தவள் குரல். கீழே சின்னவள் பேசுகிறாள். இரண்டு வயதும் ஒரே கட்டத்தில் இருக்கின்றன. படத்தில் ஒவ்வொரு ஷாட்டுக்கும் மேலே அப்படி ஒரு வரியை ஓட்ட முடியாது. அதனால் மேலே இருந்த அந்தப் பெரியவளைக் கீழே இறக்கி, ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, கையில் சிகரெட்டைக் கொடுத்துவிட்டார்கள். இதைப் படித்ததும் நான் எழுந்து போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தேன்.

படி 7: சத்தம்

காமிக்ஸில் சத்தம் வரைந்த பொருள். டுமீல், தடால், கிரீச் எல்லாம் எழுத்தின் பருமனிலும் சாய்விலும் இருக்கிறது. படத்தில் சத்தம் வந்தபிறகு அது என்ன செய்கிறது என்று தனியே ஒருமுறை, கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்.

மேக்ஸ் ஆலன் காலின்ஸ் எழுதி ரிச்சர்ட் பியர்ஸ் ரேனர் வரைந்த ‘ரோட் டு பெர்டிஷன்’ 1998-இல் வந்த கறுப்பு வெள்ளை நாவல். 2002-இல் சாம் மெண்டிஸ் படமாக்கினார். அதில் மழைக் காட்சி ஒன்று. டாம் ஹாங்க்ஸ் இருட்டிலிருந்து சுடுகிறார், கும்பல் தலைவராக வரும் பால் நியூமனின் ஆட்கள் ஒவ்வொருவராக விழுகிறார்கள், துப்பாக்கிச் சத்தமே இல்லை. தாமஸ் நியூமனின் இசை மட்டும். கையில் எல்லாச் சத்தமும் இருந்தும் படம் வேண்டுமென்றே வாயை மூடிக்கொள்கிறது. வசனமே இல்லாத காமிக்ஸ் பக்கத்தைப் புரட்டும்போது இருக்கும் அமைதிக்குச் சினிமாவில் இதைவிட நெருக்கமான ஒன்றை நான் பார்த்ததில்லை. ஒளிப்பதிவாளர் கான்ராட் ஹாலுக்கு இந்தப் படத்துக்காக ஆஸ்கர் கிடைத்தது, அவர் இறந்த பிறகு.

‘பெர்செபோலிஸ்’ படத்தில் இதற்கு நேர்மாறு. மனச்சோர்விலிருந்து எழும் மர்ஜான், ‘ஐ ஆஃப் தி டைகர்’ பாட்டைத் துளியும் சுருதி சேராமல் கத்துகிறாள். சுருதி சேராததைக் காகிதத்தில் வரைவது கஷ்டம். இங்கே படம் புத்தகத்தைத் தாண்டிவிட்டது என்று ஒப்புக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை.

படி 8: வெட்டியதும் ஒட்டியதும்

எல்லாரும் முதலில் செய்வதை நான் எட்டாவதாக வைத்திருக்கிறேன். இப்போது பட்டியல் போடுங்கள்: விட்டது, சேர்த்தது, இடம் மாற்றியது, முடிவில் மாற்றியது. விட்டதைவிடச் சேர்த்ததைக் கவனியுங்கள். விடுவதற்கு நேரமின்மை போதும். சேர்ப்பதற்கு ஒரு யோசனை வேண்டும்.

‘ரோட் டு பெர்டிஷன்’ படத்தில் ஜூட் லா நடித்த பிணப்படக்காரர் மெகுவயர் புத்தகத்தில் இல்லவே இல்லை. நாவலில் தகப்பனையும் மகனையும் துரத்துவது ஒரு கும்பல், நகரம் நகரமாக. படத்துக்கு அந்தத் துரத்தலுக்கு ஒரு முகம் வேண்டியிருந்தது. அதோடு, பிணத்தைப் படம் பிடிக்கிற ஆளை உள்ளே கொண்டுவந்ததில், சாவைப் பார்த்துக்கொண்டிருக்கும் நம்மையும் சேர்த்து இழுத்துவிட்டார்கள். முடிவும் மாறியது. நாவலில் கதை சொல்லும் மகன் பின்னாளில் பாதிரியார் ஆகிறான். படத்தில் விவசாயக் குடும்பம் ஒன்றில் வளர்கிறான். ஒன்று பாவத்துக்குப் பதில் சொல்கிறது, மற்றது துப்பாக்கி வேண்டாம் என்று காட்டுக்குப் போய்விடுகிறது.

ஆசிரியரே இயக்கினால் மாற்றம் இருக்காது என்று நினைக்க வேண்டாம். கட்சுஹிரோ ஒடோமோ ‘அகிரா’ மாங்காவை 1982-இல் தொடங்கி 1990-இல் முடித்தார், ஆறு தொகுதி, இரண்டாயிரம் பக்கத்துக்கு மேல். படத்தை அவரே 1988-இல் எடுத்துவிட்டார், கதையை முடிப்பதற்கு இரண்டு வருடம் முன்பே. மாங்காவில் உயிருள்ள சிறுவனாக வரும் அகிரா, படத்தில் கண்ணாடிக் குடுவைகளில் இருக்கும் மிச்சம் மட்டுமே. பத்தாயிரம் ஏக்கர் பாசனத்தை ஒரு கிணற்றில் அடக்கச் சொன்னால் என்ன செய்வது, தண்ணீர் ஊறும் ஒரு கண்ணை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அப்படியே எடுத்த படங்களும் உண்டு. ஃபிராங்க் மில்லரின் ‘300’ அகலவாக்கில் விரியும் பக்கங்கள் கொண்டது. படம் கட்டத்துக்குக் கட்டம் அதை நகல் எடுக்கப் பார்த்தது. அதற்கும் அசைவைத் திடீரென்று மெதுவாக்கி, ஒரு நொடி கட்டமாக உறையவிட்டு, மறுபடி ஓடவிட வேண்டியிருந்தது. வாசகன் நின்று பார்க்கும் இடத்தை இயக்குநர் தானே தேர்ந்தெடுத்து, “இங்கே நில்லு” என்கிறார். நகல் என்றாலும் நேரத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொள்ளாமல் படம் இல்லை.

படி 9: எழுதுவது

தொடக்கத்தில் கதைச்சுருக்கம் வேண்டாம், ஒடித்துப் பார்த்த அந்த ஒரு பக்கத்தோடு தொடங்குங்கள். கட்டத்தை வார்த்தையில் வரையுங்கள், பிறகு காட்சியை. வாசிப்பவர் இரண்டையும் பார்க்காதவர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எண்ணிய கணக்குகளில் ஒன்றோ இரண்டோ போதும், முழு நோட்டையும் கொட்டினால் வட்டிக்கணக்கு மாதிரி ஆகிவிடும். முடிவை வெளியே சொல்வதானால் முதல் வரியிலேயே எச்சரித்துவிடுங்கள்.

நம் ஊரிலேயே பழகிக்கொள்ள ஒன்று

வெளிநாட்டுப் புத்தகம் கிடைக்கவில்லை என்றால் அண்ணன்மார் கதையை எடுங்கள். பொன்னர், சங்கர் கதை உடுக்கைப் பாட்டாகப் பல ராத்திரி போகும். 1960-களில் கனடா நாட்டு மானிடவியலாளர் பிரெண்டா பெக் காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி அதைப் பதிவு செய்தார். பின்னாளில் அதை 26 பகுதி அனிமேஷனாகவும் சித்திரக்கதைப் புத்தகங்களாகவும் கொண்டுவந்தார். கலைஞர் எழுதிய நாவலை வைத்துத் தியாகராஜன் இயக்கத்தில், பிரசாந்த் இரட்டை வேடத்தில் ‘பொன்னர் சங்கர்’ 2011-இல் படமாக வந்தது. பாட்டு, சித்திரக்கதை, அனிமேஷன், நாவல், சினிமா என்று ஒரே கதைக்கு இத்தனை உடம்பு வேறு எங்கே கிடைக்கும்?

அண்ணன்மார் செத்து விழும் படுகளத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே என் கேள்விக்கு மூன்றாவது பதில் ஒன்று இருக்கிறது. உடுக்கை அடிக்கிறவர் பாடப் பாட, கூட்டத்தில் ஆள் சாய்கிறது. தண்ணீர் தெளித்து எழுப்புகிற வரைக்கும் கதை நகர்வதில்லை. நேரம் வாசகன் கையிலும் இல்லை, புரொஜெக்டரிலும் இல்லை, ஊர் கையில் இருக்கிறது. படத்தில் அதே சாவு எத்தனை நொடி நிற்கிறது என்று ஸ்டாப்வாட்சை வைத்துப் பாருங்கள்.

மருமகள் மூன்றாம் நாள் சாயங்காலம் கடைசியாக ஒரு கட்டத்தை எடுத்தாள். ‘பெர்செபோலிஸ்’ புத்தகத்தில் பக்கத்து வீட்டின் மேல் ஏவுகணை விழுந்து, இடிபாட்டில் தோழியின் கையில் இருந்த நீலப்பச்சைக் காப்பை மர்ஜி பார்க்கும் இடம். அந்த இடம் முடிவது முழுக் கறுப்புக் கட்டத்தில். உள்ளே ஒன்றும் இல்லை, கீழே ஒரே ஒரு வரி. அவள் ஸ்டாப்வாட்சை அழுத்திவிட்டுப் பார்க்க ஆரம்பித்தாள். நான் தோட்டத்துக்குப் போய் மோட்டாரை நிறுத்திவிட்டுத் திரும்பும்போதும் அதே பக்கம்தான் திறந்திருந்தது.

“எத்தன நொடி அம்மிணி?”

“நிறுத்த மறந்துட்டனுங் மாமா.”

நோட்டில் ‘புக்குல’ பத்தியில் எண்ணுக்குப் பதிலாக ஒரு சின்னக் கட்டம் போட்டு, பென்சிலால் கறுப்பாக அடித்து வைத்திருந்தாள். ‘படத்துல’ பத்தி காலியாக இருந்தது. லேப்டாப்பை எடுத்து அந்தக் காட்சியைத் தேடி ஓட்டத் தொடங்கினோம்.